கூட்டிய முற்றமும் பெயர் எழுதாத ரியூபும்

பெயரும் நேரமும் எழுதாத ரியூப் ஒன்றை நான் பரிசோதனைக்கு எடுக்கவே மாட்டேன். வவுனியாவில் ஒரு தனியார் லாபில் வேலை செய்த காலத்தில் இதற்காகவே என்னை ஒரு மாதிரியான ஆள் என்பார்கள். என் சாப்பாட்டுப் பெட்டியில்கூட பிளாஸ்டர் ஒட்டி, சமைத்த நேரத்தை எழுதி வைத்திருப்பேன். இரத்தம் குடுக்க வருகிறவரிடம் கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அதையே வேறு விதமாகத் திரும்பக் கேட்பேன். காலையில் வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தே உள்ளே யார் யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். அங்கே மூத்தவராக இருந்த மிஸ் ஒருநாள், "தம்பி, நீ மைக்ரோஸ்கோப்புக்குப் பின்னால இருக்கிற ஆளில்லை. இந்தச் சாமான் எங்கேயிருந்து வந்ததெண்டு தேடிப் போற ஆள்" என்றார்.

பிறகு நான் பொலிசில் சேர்ந்து, தடயவியல் பிரிவுக்குப் போனேன். எங்களூரில் சோகோ என்றால்தான் தெரியும். குற்றம் நடந்த இடத்துக்கு வந்து படம் எடுத்து, கைரேகை எடுத்து, தடயம் சேர்க்கிறவர்கள். இப்போது நான் சேவையில் இல்லை. ஆய்வுகூடத் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் அந்த வேலைக்கு எப்படிப் போவது என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல இருப்பதைவிட, வன்னியில் வீடு வாசலோடு இருக்கும் சனத்துக்குச் சொல்ல இருப்பது கூட. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பொலிசில் சேர்ந்ததை ஊர் எப்படிப் பார்த்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2009 இல் எங்கள் குடும்பமும் வன்னிக்குள்ளிருந்து வெளியே வந்து, செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் கூடாரத்தில் இருந்த குடும்பம்தான். "பொலிசுக்கோ போறாய்?" என்று அம்மா கேட்ட கேள்விக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். என் பதில் இன்றைக்கும் அதேதான். எங்கள் வளவில் ஒருவர் செத்துக் கிடந்தால், அந்த வளவைப் பற்றித் தெரிந்த, அந்த வீட்டாரோடு தமிழில் கதைக்கக்கூடிய ஒருவர் அங்கே நிற்கவேண்டும்.

லாபில் இருந்தபோது நான் படித்துக்கொண்ட ஒரு விசயம்தான் வெளியே முழுக்க என்னைக் கொண்டுபோனது. எவ்வளவு நல்ல மெசினாக இருந்தாலும், மாதிரியை எடுத்தவன் கெடுத்துவிட்டால் அது கெட்டதைத்தான் அளக்கும். சாம்பல் மூடி போட்ட ரியூபைப் பார்த்திருப்பீர்கள், சீனி பார்க்க இரத்தம் எடுப்பது அதில்தான். அதற்குள் சோடியம் புளோரைட் இருக்கும். அது இல்லாத ரியூபில் இரத்தத்தை அப்படியே வைத்தால், இரத்தக் கலங்கள் உயிரோடு இருந்து சீனியைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 வீதம் வரை குறையும். நெடுங்கேணியிலோ மல்லாவியிலோ எடுத்து, வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த இரத்தம் லாபுக்கு வரும்போது, நோயாளிக்கு இருந்த சீனி அதில் இருக்காது. விபத்தில் இறந்தவரின் இரத்தத்தில் மதுசாரம் பார்ப்பதற்கும் இதே ரியூப்தான். அங்கே புளோரைட்டின் வேலை மறுபக்கம்: கிருமிகள் பெருகி, குடிக்காத ஆளின் இரத்தத்திலும் மதுசாரத்தை உண்டாக்கிவிடாமல் தடுப்பது. ஒருவர் வெறியில் வாகனம் ஓடினாரா இல்லையா என்பது, அவருடைய பெயர், பிள்ளைகளின் இழப்பீடு எல்லாமே, அந்த மூடியின் நிறத்தில் நிற்கும்.

சரி, களத்துக்கு வருவோம்.

வன்னியில் ஒரு மரணம் என்றால் பொலிசுக்கு முதல் ஊர் வந்துவிடும். அது எங்கள் பழக்கம், நல்ல பழக்கமும்கூட. ஆனால் வருகிற சனம் முதலில் செய்கிற வேலை முற்றத்தைக் கூட்டுவது. ஆட்கள் வரப்போகிறார்கள் என்று கதிரை போடுவார்கள், சீமெந்தைக் கழுவி விடுவார்கள், கிடக்கிறவருக்கு மேல் வீட்டிலுள்ள சேலையோ பெட்ஷீற்றோ எடுத்துப் போர்த்துவார்கள். அன்பால் செய்கிறார்கள். அந்த அன்பில்தான் பாதித் தடயம் போய்விடுகிறது. போர்த்திய துணியின் தும்பும் வீட்டாரின் தலைமயிரும் உடலில் ஒட்டிவிட்டால், பிறகு எது வந்தவனுடையது, எது போர்த்திய துணியில் இருந்தது என்று பிரிக்கவே முடியாது.

முற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இது எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் நான் பார்க்காத ஒன்று. எங்கள் பக்கத்து வீடுகளில் விடியக்காலையில் ஈர்க்குமாற்றால் முற்றம் கூட்டுவார்கள். மணலில் அரைவட்டமாக வரி வரியாக விழும். ஒரு வீட்டுக்குப் போனபோது, படலையிலிருந்து கிணத்தடி வரை அந்த வரிகள் குலையாமல் இருந்தன. வீட்டுக்காரம்மா அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் குந்தியிருந்து கேட்டேன்: "அம்மா, கடைசியா எப்ப முற்றம் கூட்டினீங்கள்?"

"விடிய அஞ்சு மணிபோல. பிறகு தொடேல்லை, தம்பி."

வரிகளுக்கு மேலே ஒரு செருப்புத் தடம் கிணத்தடிக்குப் போய்த் திரும்பியிருந்தது. வரிக்கு மேல் தடம் இருந்தால், கூட்டிய பிறகு வந்த கால். தடத்துக்கு மேல் வரி போயிருந்தால், கூட்ட முதல் வந்த கால். அதே தடத்துக்குள் மழைத்துளி விழுந்த சின்னச் சின்னக் குழிகள் வேறு இருந்தன. அப்படியென்றால் அந்தக் கால் மழைக்கு முன்னால் வந்தது. அன்றைக்கு மழை பெய்த நேரம் ஊருக்கே தெரியும். ஐந்து மணிக்கும் மழைக்கும் இடையில் ஒருவர் வந்து போயிருக்கிறார் என்று மணல் சொல்லிவிட்டது. ரோர்ச்சைத் தரையோடு தரையாகச் சரித்துப் பிடித்து, பக்கத்தில் அளவுகோல் வைத்து, கமராவை நேர் செங்குத்தாகப் பிடித்துப் படம் எடுத்தோம். சரித்த வெளிச்சத்தில்தான் தடத்தின் பள்ளமும் மேடும் தெரியும். செங்குத்தாக எடுத்த படத்தில்தான் அளவு பிழைக்காது. அதற்குப் பிறகுதான் அச்சு எடுக்கும் மாவைக் கரைத்து ஊற்றினோம்.

ஆகவே வீட்டில் ஏதும் நடந்தால் தயவுசெய்து முற்றத்தைக் கூட்டாதீர்கள். மழை வரும்போல் இருந்தால், தடத்துக்கு மேல் ஒரு வாளியையோ பேசினையோ தொடாமல் கவிழ்த்துவிடுங்கள், அது போதும். பொலித்தீனை விரித்து மூடவேண்டாம், அது தடத்தில் ஒட்டி மணலையும் இழுத்துக்கொண்டு வரும். உள்ளே போகவேண்டியிருந்தால் எல்லாரும் ஒரே வழியால், வேலியோரமாகப் போய் அதே வழியால் திரும்புங்கள். உயிர் இருக்கலாம் என்று ஒரு துளி சந்தேகம் இருந்தாலும் இதையெல்லாம் மறந்துவிட்டு ஆளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எங்கே எப்படிக் கிடந்தார், யார் தூக்கினார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள். நாய்களைக் கட்டிவையுங்கள், கோழிகளை அடையுங்கள்.

அடுத்தது கறை. சிவப்பாக இருப்பதெல்லாம் இரத்தம் என்று சனம் நினைத்துவிடும். கிணத்தடிச் சீமெந்தில் கிடக்கும் வெற்றிலைத் துப்பல் காய்ந்தால் ஒரு அனுபவமில்லாத கண்ணுக்கு அப்படியே இரத்தம்தான். லென்ஸை வைத்துப் பார்த்தால் பாக்குத் தும்பும் சுண்ணாம்புப் பொடியும் தெரியும். இரும்புத் துரு, பெயின்ற், செம்மண் பட்ட ஈரம் எல்லாம் ஏமாற்றும். இதற்கு ஒரு முதற்கட்டப் பரிசோதனை இருக்கிறது. கறையை ஒரு ஸ்வாப்பில், அதாவது பஞ்சுக் குச்சியில் தொட்டு, அதில் நிறம் நீக்கிய பினோப்தலீன் ஒரு துளி விட்டு, கொஞ்சம் பார்த்து, பிறகு ஐதரசன் பெரொக்சைட் ஒரு துளி விடுவது. இரத்தமாக இருந்தால் சில விநாடிகளில் இளஞ்சிவப்பு வரும். அந்தக் "கொஞ்சம் பார்த்து" என்பதில்தான் உயிர் இருக்கிறது. பெரொக்சைட் விட முதலே நிறம் வந்துவிட்டால், அங்கே வேறு ஏதோ இரசாயனம் இருக்கிறது. எங்கள் கிணறுகளுக்குச் சுகாதாரப் பரிசோதகர்கள் போடும் குளோரின் தூளும், காயம் கழுவ வீட்டில் வைத்திருக்கும் கொண்டிசும் (பொட்டாசியம் பெர்மாங்கனேற்) அப்படி ஆட்டம் காட்டக்கூடியவை. சில மரக்கறிச் சாறுகளும் பொய் சொல்லும், ஆனால் அவை பெரும்பாலும் ஆறுதலாகத்தான் நிறம் காட்டும். வடிவாக இளஞ்சிவப்பு வந்தாலும், அது இரத்தமாக இருக்கலாம் என்பதுதான் அர்த்தம். யாருடையது, மனிதருடையதா என்றுகூட அது சொல்லாது. முந்தின நாள் கோழி உரித்த இடமாக இருக்கலாம். மனித இரத்தமா மிருக இரத்தமா என்று பிரிக்கும் முறையை ஜேர்மனியில் உலென்ஹுத் 1901 இல் காட்டினார். வியன்னாவில் லான்ட்ஸ்ரைனர் இரத்த வகைகளைப் பிரித்துக் காட்டியதும் அதே 1901 இல்தான். அதற்கு முதல் எத்தனை பேர் ஆட்டு இரத்தத்துக்காகத் தண்டனை அனுபவித்தார்களோ.

காய்ந்த கறையை எடுக்கும்போது, காய்ச்சி வடித்த தண்ணீரில் ஸ்வாப்பைக் கொஞ்சமாக நனைத்து ஒன்று, பிறகு காய்ந்த ஸ்வாப்பில் இன்னொன்று, கறை இல்லாத பக்கத்து இடத்திலிருந்து ஒப்பீட்டுக்கு இன்னொன்று. மூன்றையும் நிழலில் காற்றாட உலரவிட்டு, கடதாசி உறையில் போடவேண்டும். பொலித்தீன் பைக்குள் ஈரத்தோடு போட்டால் எங்கள் வெக்கைக்கு இரண்டு நாளில் பூஞ்சணம் பிடித்து, மரபணு சிதைந்துவிடும். இங்கே எடுப்பது நீதிமன்ற உத்தரவோடு பத்தரமுல்லை பெலவத்தையில் இருக்கும் அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போகிறது. வவுனியாவிலிருந்தே கிட்டத்தட்ட 250 கிலோமீற்றர். ஈரத்தோடு அந்தப் பயணத்தைத் தாங்கும் மாதிரி கிடையாது.

காட்டோரச் சம்பவங்கள் வன்னிக்கே உரியவை. பன்றிக்கும் மரைக்கும் பொறியாகக் கட்டிவைக்கிற, தட்டுப்பட்டால் தானாகவே வெடிக்கிற கட்டுத்துவக்கில் மனிதர்கள் சிக்குகிறார்கள். வேட்டைக்கு வைத்திருக்கும் இடியன் துவக்கும் இன்னும் காடுகளுக்குள் நடமாடுகிறது. காலில் வெடிபட்ட ஒருவரை ஊரார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு, ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு காட்டுப் பாதைக்குப் போனோம். யாரோ சுட்டார்களா, பொறியில் காலை விட்டாரா என்பதுதான் கேள்வி. துவக்கு இல்லை. வெடித்ததும் கட்டினவன் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஆனால் ஒரு வீரைக் கன்றின் அடியில் பட்டை புதிதாக உரசுப்பட்டுப் பச்சை தெரிந்தது. அதற்கு நேரே பாதையின் மறுபக்கத்தில், முழங்காலுக்குக் கீழே உள்ள உயரத்தில், இலைகளில் ஓட்டைகள். அந்த உயரத்துக்கு மேலே ஒரு இலையிலும் சேதம் இல்லை. உரசிய பட்டைக்கு முன்னால் இருந்த புல்லில் கரி படிந்திருந்தது. மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் கந்தக மணம் மெல்லிசாக இருந்தது. ஆள் நின்று சுட்டிருந்தால் ஓட்டைகள் சரிவாக, மேலிருந்து கீழே போயிருக்கும். இவை தரையோடு சமாந்தரமாகப் போயிருந்தன. நூல் பிடித்து உயரம் அளந்து, இரண்டு பெரிய பாலை மரங்களிலிருந்து தூரம் எடுத்துக் குறித்தோம். காட்டுக்குள் அடையாளத்துக்குச் சுவர் இல்லை, ஆகவே அசையாத இரண்டு மரங்களை எடுத்து அவற்றிலிருந்து அளந்தால்தான் பிறகு யாரும் அந்த இடத்தைத் திரும்பப் பிடிக்கலாம்.

காட்டுக்குள் கால் வைக்க முதல், அந்த இடம் கண்ணிவெடி அகற்றிய இடமா என்று கேட்பது எங்கள் வேலையின் முதல் கேள்வி. ஹலோ ட்ரஸ்ட், மக், டாஷ் போன்ற நிறுவனங்கள் எவ்வளவோ நிலத்தைத் துப்புரவாக்கித் தந்திருக்கின்றன. ஆனாலும் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை இருக்கும் பக்கம் எந்தத் தடயத்துக்காகவும் போகக்கூடாது. கண்ணாடி விரியனுக்காக முழங்கால் பூட்சும் போடவேண்டும்.

இறந்த நேரத்தைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். உடல் மணிக்கு ஒரு பாகையோ ஒன்றரைப் பாகையோ குளிரும், அதை வைத்துக் கணக்குப் பண்ணலாம் என்று படித்திருப்பார்கள். சிறுபோகக் காலத்து மத்தியானத்தில் இங்கே நிழலிலேயே 35 பாகையைத் தொடும். 37 பாகை உடல் எங்கே போய்க் குளிர்வது? அந்தக் கணக்கு எங்களுக்கு அவ்வளவு உதவாது. இலையான்கள் உதவும். இறந்து கொஞ்ச நேரத்துக்குள் கண், மூக்கு, காயம் பார்த்து முட்டையிடும். எங்கள் வெக்கையில் ஒரு நாளுக்குள் புழு வெளியே வரும். புழுக்களில் கொஞ்சத்தைச் சுடுநீரில் போட்டு மதுசாரத்தில் வைப்போம், கொஞ்சத்தை உயிரோடு வளர்க்க எடுப்போம். எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதிலிருந்து குறைந்தது எத்தனை நாள் என்று சொல்லலாம். நேரத்தைத் தீர்மானிப்பது சட்ட வைத்திய அதிகாரி. அவரோ நீதவானோ திடீர் மரண விசாரணை அதிகாரியோ பார்க்கும்வரை உடலை அசைக்கக்கூடாது என்பது அதனால்தான்.

இன்னொரு விசயம், வன்னியில் கட்டாயம் சொல்லவேண்டியது. மலசலகூடக் குழியோ அத்திவாரமோ கிணறோ வெட்டும்போது எலும்பு வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். 2023 ஜூன் கடைசியில் முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோதுதான் மனித எலும்புகள் வெளியே வந்தன. பிறகு நீதிமன்ற உத்தரவின் கீழ், தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவவின் தலைமையில் அகழ்வு நடந்து 52 எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. ஒரு எலும்பு தனியே ஒன்றும் பேசாது. அதற்கு மேலே என்ன மண், கீழே என்ன மண், பக்கத்தில் எந்தத் துணி, எந்தப் பொத்தான், உடல் எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்பவைதான் பேசும். மண்வெட்டியால் இன்னும் நாலு வெட்டு வெட்டிப் பார்ப்போம் என்றால், காத்திருக்கும் ஒரு தாய்க்கு வரவேண்டிய பதிலை அந்த நாலு வெட்டு அழித்துவிடும். எடுத்துக் கழுவாதீர்கள், திரும்பப் புதைக்காதீர்கள். கிராம சேவகருக்கும் பொலிசுக்கும் சொல்லுங்கள். நீதவானுக்குத் தெரியப்படுத்தியாயிற்றா என்று கேளுங்கள், கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. தனியாகப் போகப் பயமாக இருந்தால் ஊர்ப் பெரியவரையோ பாதரையோ ஒரு சட்டத்தரணியையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

பெண்பிள்ளைகளுக்கு எதிரான கொடுமைகளில் குடும்பங்கள் முதலில் செய்வது பிள்ளையைக் குளிப்பாட்டுவது. அந்தத் தாய்மாரின் மனம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் கெஞ்சிக் கேட்கிறேன், முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பொலிசுக்குப் போய்விட்டுத்தான் வரவேண்டும் என்று இல்லை. குளிக்காமல், உடுப்பை மாற்றவேண்டி வந்தால் அதைக் கழுவாமல், உலரவிட்டு ஒவ்வொன்றையும் தனித்தனிக் கடதாசிப் பையில் கொண்டுபோங்கள். பழைய பேப்பரில் சுற்றினாலும் சரி. தொற்றைத் தடுக்கும் மருந்தும் கர்ப்பம் தங்காமல் இருக்க மருந்தும் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கவேண்டும், எவ்வளவு முந்தியோ அவ்வளவு நல்லது. குளித்துவிட்டாலும் நாள் கடந்துவிட்டாலும்கூடப் போகத்தான் வேண்டும். எல்லாம் போய்விட்டது என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

இந்த வேலைக்கு வர விரும்பும் பிள்ளைகளுக்கு. உங்களில் யாருக்காவது எல்லாவற்றிலும் நேரம் எழுதுகிற, எதையும் இரண்டு தரம் கேட்கிற பழக்கம் இருந்தால், அதற்காக யாரும் சிரித்தாலும் விட்டுவிடாதீர்கள். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்பது பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. "இந்தப் போத்தல்தான் அந்தப் போத்தல் என்று எப்படிச் சொல்கிறீர்?" என்பதுதான் கேள்வி. எடுத்த இடம், திகதி, நேரம், இலக்கம், எடுத்தவரின் கையெழுத்து, முத்திரை, யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது போனது, இவ்வளவும் எழுத்தில் இருந்தால் அமைதியாக நிற்கலாம். ஒரு கை விடுபட்டாலும் நல்ல தடயம் குப்பைதான், குற்றம் செய்யாதவன் உள்ளே இருக்கலாம், செய்தவன் வெளியே போகலாம். மாரியில் வேலை செய்யும்போது பேனையை நம்பாதீர்கள், பென்சில் எழுத்து நனைந்தாலும் கரையாது. குறிப்பை அங்கேயே எழுதுங்கள், வாகனத்தில் போய் எழுதலாம் என்று வைக்கவேண்டாம். சிங்களமும் படியுங்கள், ஏனென்றால் நீங்கள் எழுதாத அறிக்கையில் உங்கள் தடயம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று வாசித்துப் பார்க்கவேண்டி வரும்.

பெண்பிள்ளைகள் இதற்கு வரலாமா என்று தாய்மார் கேட்கிறார்கள். கட்டாயம் வரவேண்டும். நான் போன எத்தனையோ வீடுகளில், குசினிக்குள் நின்ற பெண்கள் எனக்குச் சொல்லாத விசயத்தை ஒரு பெண் அதிகாரிக்கு ஐந்து நிமிசத்தில் சொல்லியிருப்பார்கள். விஞ்ஞானப் பாடம் வடிவாகப் படித்த, ஊரின் பேச்சும் பழக்கமும் தெரிந்த ஒரு பிள்ளை கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகப் படலையைத் திறந்து போகவேண்டும். படிக்கவேண்டிய பாடங்கள், விண்ணப்பம், எதுவானாலும் என்னிடம் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்லித் தருகிறேன்.